இறையிலியும் விளையாட்டுக் கொடையும்: தேசியக் கால்பந்தின் தனியார் புரவலரும் வரித் தவிர்ப்பின் அறமும்

ஆய்வுச் சுருக்கம்

நாட்டின் பெயரால் விளையாடும் கால்பந்து அணிக்குச் செல்வந்தர் ஒருவர் பொருள் வழங்குகிறார். அவரே தம் வருமானத்துக்கு உரிய வரியைச் சட்டத்தின் எல்லைக்குள் நின்று தவிர்த்துக்கொள்கிறார். இந்நிலையில் அக்கொடையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் வினா. இடைக்காலத் தமிழகக் கல்வெட்டுகள் காட்டும் இறையிலிக் கொடை முறையிலிருந்து நான்கு அளவுகோல்களைப் பெற்று, அவற்றை அயர்லாந்துத் தேசியக் கால்பந்து அணியின் நிகழ்வோடும் இந்திய வருமான வரிச் சட்டம், நிறுவனச் சட்டம் ஆகியவற்றோடும் பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இறையிலி, இறைகாவல், வரித் தவிர்ப்பு, புரவலர், தேசியக் கால்பந்து, நிறுவனச் சமூகப் பொறுப்பு.

முன்னுரை

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலை, தீர்த்தகிரீசுவரர் கோயிலாலும் மலைச்சுனைகளாலும் அறியப்பட்ட ஊர். அருணகிரிநாதரின் திருப்புகழில் இடம்பெற்ற தலம். அதியமான்கள் ஆண்ட தகடூர் நாட்டின் பகுதியாகவும் பின்னர்ச் சோழர் ஆட்சிக்கு உட்பட்டதாகவும் விளங்கிய நிலப்பகுதி இது. கொடை என்னும் பண்பைத் தமிழ் மரபு பேசும்போதெல்லாம் முன்வரும் பெயர்களுள் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரும் ஒன்று. இப்பகுதி உள்ளிட்ட தமிழகக் கோயில்களின் சுவர்களில் கொடை இருவகைச் செய்திகளாகப் பதிவாகியுள்ளது. ஒன்று, இன்னார் இன்னது கொடுத்தார் என்பது. மற்றொன்று, அதற்கான வரியை யார் ஏற்றார் என்பது.

இரண்டாவது செய்தியே இக்கட்டுரைக்கு அடிப்படை. இன்றைய கொடைப் பலகைகளில் முதற்செய்தி மட்டுமே எழுதப்படுகிறது. தேசிய விளையாட்டு அணிகளைத் தாங்கும் பெருங்கொடைகள் பற்றிய பேச்சிலும் தொகை மட்டுமே முன்னிற்கிறது. அத்தொகையில் பொதுமக்களின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

வரி ஏய்ப்பும் வரித் தவிர்ப்பும்

வருமானத்தை மறைத்தல், பொய்க்கணக்கு எழுதுதல் ஆகியன வரி ஏய்ப்பு, இவை குற்றம். சட்டம் நேரடியாக அளிக்கும் சலுகையை அதன் நோக்கத்துக்கு ஏற்பப் பயன்படுத்துவது வரித் திட்டமிடல். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது வரித் தவிர்ப்பு. இதில் சட்டத்தின் சொல் மீறப்படுவதில்லை. அதன் நோக்கம் தோற்கடிக்கப்படுகிறது. வசிப்பிடத்தை மாற்றுதல், வருமானத்தின் வடிவத்தை மாற்றுதல், இடையில் நிறுவனங்களை நிறுத்துதல் முதலியன இதன் வழிகள்.

இங்கிலாந்தில் 1935இல் தீர்ப்பளிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் வழக்கு இவ்வகையில் முதன்மையானது. கோமகன் தம் தோட்டக்காரருக்குக் கூலியாகக் கொடுத்து வந்ததை, ஆவணம் எழுதி, ஆண்டுத்தொகை என்ற வடிவுக்கு மாற்றினார். கூலிக்கு வரிக்கழிவு இல்லை, ஆண்டுத்தொகைக்கு உண்டு. வரி குறையும்படி தம் செயல்களை ஒழுங்குசெய்துகொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று பிரபுக்கள் அவை அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் 1985இல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்போக்கிலிருந்து விலகியது. நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி தம் தனித்தீர்ப்பில் வரித் தவிர்ப்பின் தீமைகளை வரிசைப்படுத்தினார். பொதுவருவாய் இழப்பு, கறுப்புப் பணப் பெருக்கம் ஆகியவற்றோடு, சூதறியாத நல்ல குடிமக்களின் தோள்களுக்கு வரிச்சுமை மாற்றப்படுகிறது என்பதையும் அவர் சுட்டினார். பின்வந்த தீர்ப்புகள் மெக்டவல் தீர்ப்பின் வீச்சைச் சுருக்கின. எனினும், 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுவான தவிர்ப்புத் தடை விதிகள், வரிப்பயனையே முதன்மை நோக்கமாகக் கொண்ட ஏற்பாடுகளை ஏற்க மறுக்கும் அதிகாரத்தை வரித்துறைக்கு அளித்தன. சுமை யார் தோளுக்குப் போகிறது என்னும் சின்னப்ப ரெட்டியின் கேள்வி கல்வெட்டு மரபில் முன்னரே விடை தேடப்பட்ட ஒன்றாகும்.

கல்வெட்டுக் கொடையின் நான்கு கூறுகள்

இடைக்காலத் தமிழகத்தில் கோயிலுக்கோ பிராமணர்க்கோ சத்திரத்துக்கோ நிலம் வழங்கப்பட்டபோது அந்நிலம் பல வேளைகளில் இறையிலியாக்கப்பட்டது. அரசனே வரியை நீக்கினால் இழப்பு அரசுக்கு உரியது. தனிமனிதர் நிலம் கொடுத்து, அரசன் வரி நீக்காதபோது, அந்நிலத்துக்குரிய வரியை ஊர் தொடர்ந்து செலுத்தியாக வேண்டும். அதன் பொருட்டுக் கொடையாளி, நிலத்தோடு ஒரு தொகையையும் சபையிடமோ ஊரிடமோ செலுத்தும் வழக்கம் இருந்தது. இறைகாவல், இறைதிரவியம் போன்ற சொற்கள் இதனைக் குறிக்கும். அத்தொகையை முதலாகக் கொண்டு அந்நிலத்தின் வரியை என்றும் தாமே செலுத்துவதாகச் சபையார் உறுதி எழுதிக் கொடுத்தனர். நிலம் பெறுவோர்க்கு அது இறையிலி. ஆனால் அந்த இன்மையின் விலையைக் கொடையாளியே முன்கூட்டித் தந்துவிட்டார்.

இம்முறையிலிருந்து நான்கு கூறுகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது, சுமையேற்பு. கொடையால் பொதுவருவாயில் ஏற்படும் குறையைக் கொடையாளி ஈடுசெய்கிறார்.

இரண்டாவது, உரிமைத் துறப்பு. நீர் வார்த்துக் கொடுத்தல் என்னும் சடங்கு, கொடுத்த பொருளின் மீது கொடுத்தவருக்கு இனிப் பிடி இல்லை என்பதை ஊரறியச் செய்கிறது.

மூன்றாவது, நிலைபேறு. நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டபோது அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. மந்தையின் எண்ணிக்கை குன்றாமல் காக்கப்பட்டது. அதன் நெய் விளக்கை எரித்தது. பொன் கொடுத்தால் முதல் நிற்க, பொலிசையே செலவாயிற்று. கொடையாளியின் மனநிலையையோ வாழ்நாளையோ விளக்கு சார்ந்திருக்கவில்லை.

நான்காவது, வெளிப்படை. கொடையின் அளவு, எல்லை, வரிப்பொறுப்பு, நிறைவேற்ற வேண்டியவர் ஆகிய அனைத்தும் பொதுச்சுவரில் வெட்டப்பட்டன.

இம்முறையைப் பொற்காலமாகக் காட்டுவது ஆய்வுக்கு ஒவ்வாது. கொடையால் பெற்ற செல்வாக்கும் கொடையாளிக்கு ஒரு வருவாயே. அரசன் நீக்கிய வரியின் சுமை பிற உழுகுடிகளின் மேல் ஏறவும் வாய்ப்பிருந்தது. கொடை கோயிலையும் நிலவுடைமையையும் வலுப்படுத்தியதே அன்றி, நிலமற்றோரை நேரே சென்றடையவில்லை. ஆயினும் வரியையும் கொடையையும் ஒரே ஆவணத்தில் வைத்துப் பார்த்த கணக்கறிவு அம்முறையில் உண்டு. இன்றைய கொடைப் பண்பாடு இழந்திருப்பது அதனையே.

அயர்லாந்து: பயிற்றுநர் ஊதியமும் வசிப்பிடமும்

தேசியக் கால்பந்துக்குத் தனிச்செல்வர் பொருள் வழங்கிய நிகழ்வுகளுள் இருபக்க வாதங்களும் தெளிவாக வெளிப்பட்டது அயர்லாந்தில். 2008இல் இத்தாலியரான ஜொவான்னி த்ரபத்தோனி அயர்லாந்துக் குடியரசின் தேசிய அணிக்குப் பயிற்றுநரானார். அவருடைய ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியைத் தொலைத்தொடர்புத் தொழிலதிபர் டெனிஸ் ஓ’பிரையன் ஏற்றார். அந்நாட்டின் கால்பந்துச் சங்கம் தனியே வழங்க முடியாத ஊதியம் அது. 2012 ஐரோப்பியக் கோப்பைக்கு அயர்லாந்து தகுதிபெற்றது. 1988க்குப் பின் அப்போட்டியில் அவ்வணி இடம்பெறுவது அதுவே முதன்முறை.

ஓ’பிரையனின் ஈசாட் நிறுவனம் 2000இல் பிரிட்டிஷ் டெலிகாமுக்கு விற்கப்பட்டது. அவ்வேளையில் அவர் வரிச்சட்டப்படி போர்ச்சுகலில் வசிப்பவராக இருந்தார். பின்னர் மால்டாவில் வசிப்பவரானார். வரி ஒப்பந்தத்தின்படி, பங்கு விற்பனை ஆதாயம் அயர்லாந்தின் மூலதன ஆதாய வரிக்கு வெளியே நின்றது. இது சட்டத்துக்கு உட்பட்ட நிலை. அதனாலேயே இது குற்றவியல் வினாவாக அமையாமல் அறவியல் வினாவாக அமைகிறது.

2010 நவம்பரில் அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியம், பன்னாட்டு நிதியம் ஆகியவற்றிடம் மீட்புக்கடன் பெறும் நிலைக்குத் தள்ளப்பட்டது. பொதுச்செலவு வெட்டப்பட்டது, ஊதியம் பெறுவோரின் வரி உயர்ந்தது. பெருவருமானமும் அயர்லாந்தில் பெருஞ்சொத்தும் உடைய, ஆனால் அங்குக் குறைந்த வருமான வரியே செலுத்தும் நிரந்தரக் குடியுரிமைத் தொடர்புடையோர்க்கு, அவர்கள் எங்கு வசித்தாலும், 2010 முதல் ஆண்டுக்கு 2,00,000 யூரோ என்ற தனித்தீர்வை விதிக்கப்பட்டது. வரி வசிப்பிடம் என்ற எண்ணக்கருவின் போதாமையை அரசே ஒப்புக்கொண்ட செயலாக இதனைக் கொள்ளலாம்.

நான்கு அளவுகோல்களையும் இங்குப் பொருத்தினால், சுமையேற்பு இல்லை என்பது முதலில் தெரிகிறது. வரி வருவாய் ஓரிடத்தில் குறைய, கொடை வேறோரிடத்தில் தோன்றுகிறது. இரண்டாவதாக, பொது நிதியாக வந்திருந்தால் மருத்துவமனைக்கா, பள்ளிக்கா, சிற்றூர்த் திடலுக்கா என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்திருக்கும். கொடையாக வந்தபோது, தேசிய அணியின் பயிற்றுநருக்கு என்பதை ஒருவரே முடிவு செய்தார். மூன்றாவதாக, ஊதியப் பங்களிப்பு ஆண்டுதோறும் புரவலரின் விருப்பத்தால் நிற்பது. அதில் முதல் இல்லை, பொலிசை மட்டுமே உண்டு. நான்காவதாக, பங்களிப்பு இருப்பது அறியப்பட்டாலும் அதன் முழு விவரம் பொதுக்கணக்கில் இடம்பெறவில்லை.

பின்விளைவும் கருதத்தக்கது. 2019இல் அயர்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் நிதிநிலை சரிந்திருப்பது வெளிப்பட்டது. 2020 சனவரியில் அரசு ஆண்டு மானியத்தை இரட்டித்து, கடனும் வழங்கிச் சங்கத்தைக் காத்தது. இச்சரிவுக்குப் புரவலரின் கொடை காரணமன்று. ஆனால் கடைசியில் தேசியக் கால்பந்தைத் தாங்கியது, தம் வசிப்பிடத்தை மாற்ற இயலாத மக்கள் கட்டிய வரியே.

இந்தியச் சட்டத்தில் விளையாட்டுக் கொடை

இந்தியாவில் விளையாட்டுக்குத் தனியார் பொருள் மூன்று வாயில்கள் வழியாக வருகிறது.

முதல் வாயில் நன்கொடை. நடுவண் அரசு 1998இல் தேசிய விளையாட்டு மேம்பாட்டு நிதியத்தை நிறுவியது. வருமான வரிச் சட்டம் 1961, 80ஜி பிரிவின்படி இந்நிதியத்துக்கு வழங்கும் தொகை முழுவதும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கத்தக்கதாக இருந்தது. எடுத்துக்காட்டாக, 30 விழுக்காடு வரியும் அதன் மீது 4 விழுக்காடு கூடுதல் தீர்வையும் செலுத்தும் ஒருவர் ரூ.1 கோடி வழங்கினால், மேல்வரியைக் கணக்கில் கொள்ளாத நிலையில், அவருக்கு ரூ.31.2 லட்சம் வரி குறையும். அவர் கையிலிருந்து உண்மையில் செல்வது ரூ.68.8 லட்சம். எஞ்சியதை வழங்குவது பொதுக்கருவூலம். பெயர்ப்பலகையில் ரூ.1 கோடியும் அவருடையதாகவே எழுதப்படும்.

இச்சலுகை அனைவருக்கும் கிட்டுவதன்று. புதிய வரி முறையைத் தேர்ந்த தனிநபர்களும், 22 விழுக்காடு வரி வீதத்தைத் தேர்ந்த நிறுவனங்களும் 80ஜி கழிவைப் பெற இயலாது. அவர்கள் வழங்கும் ரூ.1 கோடி முழுமையாக அவர்களுடையது. ஒரே தொகையுடைய இரு கொடைகள் அறக்கணக்கில் ஒன்றாகா என்பதை இவ்வேறுபாடு உணர்த்தும்.

இரண்டாம் வாயில் நிறுவனச் சமூகப் பொறுப்பு. நிறுவனச் சட்டம் 2013, 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர ஆதாயம் ரூ.5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூவாண்டுகளின் சராசரி நிகர ஆதாயத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணையில் ஊரக விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி இடம்பெற்றுள்ளது. இச்செலவு தொழிற்செலவாகக் கழிக்கத்தக்கதன்று என்று 2014ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் தெளிவுபடுத்தியது. அரசு வழங்க வேண்டிய மானியமாக அது மாறிவிடக் கூடாது என்பதே இதன் உட்பொருள். ஆனால் அதே தொகையை 80ஜி தகுதி பெற்ற அமைப்புக்கு வழங்கினால் கழிவு கோரலாம் என வருமான வரித் தீர்ப்பாயத்தின் சில அமர்வுகள் ஏற்றுள்ளன. முன்வாயிலில் மறுக்கப்பட்டது பக்கவாயிலில் கிடைக்கும் நிலை இது.

2021இல் திருத்தப்பட்ட விதிகளில் இரு கூறுகள் குறிப்பிடத்தக்கவை. விளம்பரப் பயன் கருதி ஆதரவு வழங்குவது சமூகப் பொறுப்பாகாது. இந்தியாவுக்கு வெளியே செய்யும் செலவு பொதுவாகச் சமூகப் பொறுப்பில் சேராது. எனினும் மாநிலத்தையோ நாட்டையோ உரிய நிலையில் சார்ந்து விளையாடுவோரின் பயிற்சிக்கு விலக்கு உண்டு. முதற்கூறு, திருவள்ளுவர் 221ஆம் குறளில் ஈகைக்கும் எதிர்நோக்கிக் கொடுப்பதற்கும் இடையே வரையும் கோட்டுக்கு நெருக்கமானது.

மூன்றாம் வாயில் விளம்பர ஆதரவு. சட்டை முகப்பில் நிறுவனப் பெயர் பொறிப்பதற்கு வழங்கும் தொகை தொழிற்செலவு. அதனைக் கொடை என அழைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

விளையாட்டுச் சங்கங்களின் தரப்பிலும் இவ்வினா எழுந்துள்ளது. அறநோக்கு அமைப்பு என்ற பெயரில் வரிவிலக்குக் கோரிய கிரிக்கெட் சங்கங்களின் வழக்குகளில், ஒளிபரப்பு உரிமை விற்பனையின் வணிகத் தன்மையைச் சுட்டி, அவற்றை மீண்டும் ஆராயுமாறு 2022 அக்டோபர் 19 அன்று உச்ச நீதிமன்றம் பணித்தது.

இந்தியக் கால்பந்தின் படிப்பினை

இந்தியக் கால்பந்துக்குப் புரவலர் புதியவரல்லர். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பை 1941இல் தொடங்கியது; வங்காளத்தின் சந்தோஷ் மகாராசா மன்மத நாத் ராய் சௌத்ரியின் நினைவைத் தாங்கியது. 1987இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாட்டா கால்பந்துப் பயிற்சிக்கழகம், ஆண்டுக்கு ஆண்டு வழங்கும் தொகையாக அமையாமல் நிறுவனமாக நிலைத்தது. நிலைபேறு என்னும் அளவுகோலுக்கு இது அணுக்கமான சான்று.

2010இல் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ரிலையன்ஸ் சார்ந்த நிறுவனத்தோடு 15 ஆண்டுகளுக்கு ரூ.700 கோடி மதிப்பில் உரிமை ஒப்பந்தம் செய்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. இது கொடையன்று, வெளிப்படையான வணிக ஒப்பந்தம். எனவே வரித் தவிர்ப்பு வினா இங்கு எழவில்லை. எழுவது நிலைபேற்று வினா. ஒப்பந்தக் காலம் முடிவடையும் நிலையில், புதுப்பிப்பு உறுதியாகாததால் 2025 சூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. விளையாட்டு வீரர்களின் ஊதியமும் பருவமும் ஓர் ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியில் தொங்கி நின்றன. சாவா மூவாப் பேராடு இல்லாத விளக்கு நெய் வரத்து நின்றதும் அணைவதற்கு இதுவே சான்று.

இதற்கு மாறான வழி ஒடிசாவுடையது. 2018 முதல் அம்மாநில அரசு தேசிய ஹாக்கி அணிகளுக்கு ஆதரவாளராயிற்று. அது சரியா என்று சட்டமன்றத்தில் கேட்க இயலும். தனிச்செல்வரின் கொடையை அவ்வாறு கேட்க இயலாது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருவழிகளையும் இணைக்க முயல்கிறது. நிறுவனங்களும் தனிநபர்களும் வழங்கும் தொகை அரசு சார்ந்த பொது அமைப்பில் சேர்ந்து விளையாட்டு வீரர்களைச் சென்றடைகிறது. கொடையாளிக்கும் பயனாளிக்கும் இடையே நிற்கும் இவ்வமைப்பு, கல்வெட்டுக் காலச் சபையின் இடத்தை ஒத்தது.

எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்கள் கருதத்தக்கன. முதலாவது, சட்டம் தடுக்காததை அறம் ஏன் தடுக்க வேண்டும் என்பது. சட்டத்தின் இடைவெளி குடிமகனின் குற்றமன்று என்பது உண்மையே. ஆனால் கொடையாளி கேட்பது சட்டத்தின் விடுதலையை மட்டுமன்று, புகழையும் கேட்கிறார். புகழ் அறத்தின் களத்துக்கு உரியது. அங்குச் சட்டத்தின் விடை போதாது.

இரண்டாவது, வரியாகக் கட்டினால் அப்பணம் விளையாட்டுக்கு வந்திருக்குமா என்பது. வராமலும் போகலாம். அரசு நிதி வீணாவதும் உண்டு. ஆயினும் அதனைத் தட்டிக்கேட்கும் வழி, தணிக்கை முதல் தேர்தல் வரை, மக்களிடம் உள்ளது. தனியார் விருப்பத்தைத் தட்டிக்கேட்க அவ்வழிகள் இல்லை.

மூன்றாவது, கொடையை மறுத்தால் இழப்பு விளையாட்டு வீரர்க்கே என்பது. இது வலுவான வாதம். இக்கட்டுரையும் மறுப்பைப் பரிந்துரைக்கவில்லை. பெறுவதும் போற்றுவதும் இருவேறு செயல்கள். சங்கம் தொகையைப் பெறலாம்; அதன் வரிப்பின்புலத்தை வெளியிடாமல் புகழை வழங்குவதே தவிர்க்கத்தக்கது.

முடிவுரை

தீர்த்தமலையில் ஒரு பள்ளி மாணவி கால்பந்து வாங்கும்போது அதன் விலையில் சரக்கு மற்றும் சேவை வரி அடங்கியுள்ளது. 2025 செப்டம்பர் 22க்கு முன் 12 விழுக்காடாக இருந்த அவ்வரி இப்போது 5 விழுக்காடு. அவள் தன் வசிப்பிடத்தை மாற்றி அதனைத் தவிர்க்க இயலாது. அவ்வரிக்காக எந்தத் திடலிலும் அவள் பெயர் பொறிக்கப்படுவதும் இல்லை. தேசியக் கால்பந்தின் புரவலர் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் இத்தகையோரே.

இவ்வாய்வால் பெறப்படுவன:

1. வரித் தவிர்ப்பால் மிஞ்சிய பொருளிலிருந்து வரும் கொடையில் பொதுமக்களின் பங்கு கலந்துள்ளது. அப்பங்கு கொடையாளியின் பெயரில் எழுதப்படுதல் கணக்குப் பிழையாகும்.

2. இடைக்காலக் கல்வெட்டுகளின் இறைகாவல் முறை, கொடையின் வரிச்சுமையைக் கொடையாளியே ஏற்றதற்குச் சான்று. சுமையேற்பு, உரிமைத் துறப்பு, நிலைபேறு, வெளிப்படை ஆகிய நான்கும் இன்றைய விளையாட்டுக் கொடைக்கும் பொருந்தும் அளவுகோல்கள்.

3. தேசிய அணிகளுக்கு ஆண்டு ஊதியமாக வழங்குவதினும், முதல் நிலைத்துப் பொலிசையால் செலவு நடக்கும் பொது நிதியமாக வழங்குவது தகுந்தது.

4. பெருங்கொடை பெறும் விளையாட்டுச் சங்கங்கள், கொடைத் தொகையோடு அதற்குக் கோரப்பட்ட வரிக்கழிவையும் வெளியிடுதல் வேண்டும். கோயிற் சுவரில் வரிப்பொறுப்பையும் சேர்த்து வெட்டிய மரபுக்கு இது புதிய வழக்கமன்று.